சீருடை போடாத தலைமை

வணக்கம் நேயர்களே. பொலிசுக்கு யார் தலைமை தாங்க வேண்டும் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். வாழ்நாளில் ஒரு நாளும் பொலிஸ் சீருடை போடாத ஒருவர் பொலிஸ் மா அதிபராக வரலாமா என்று கேட்டால், "அது எப்படி?" என்றுதான் நம்மில் பலர் கேட்போம். ஆனால் இந்த நாட்டில், இலங்கையர்களிலேயே, அப்படி இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

முதலாமவர் ரிச்சர்ட் அலுவிஹாரே. 1947இல் முதல் இலங்கையராக அந்தப் பதவிக்கு வந்தவர். சிவில் சேவை அதிகாரி, நிர்வாகி. அவர் கையில் கிடைத்தது 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ் வளர்ந்த ஓர் அமைப்பு. வெள்ளைக்கார ஆட்சி தன் அதிகாரத்தைக் காப்பாற்றிக்கொள்ள வளர்த்த அமைப்பு அது. அதை மக்களுக்கு உதவுகிற ஒன்றாக மாற்ற அவர் உழைத்தார். 1952இல் பெண்கள் முதன்முதலாகப் பொலிசில் சேர்ந்ததும் அவர் காலத்தில்தான். அதே காலத்தில்தான் 1953 ஆகஸ்ட் ஹர்த்தாலும், அதாவது கடையடைப்புப் போராட்டமும், வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேலே ஒரு சிவில் அதிகாரி இருந்ததால் கீழே துப்பாக்கி மௌனமாகிவிடவில்லை.

அவருக்குப் பிறகு 1955இல் ஒஸ்மண்ட் டி சில்வா வந்தார். பொலிசுக்குள்ளேயே வளர்ந்து தலைமைக்கு வந்த முதல் மனிதர். சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்று தான் நினைத்த ஓர் அரசியல் கட்டளைக்கு அவர் இணங்கவில்லை. 1959இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த இடத்துக்குப் பிரதமர் பண்டாரநாயக்க கொண்டு வந்தவர்தான் நம் இரண்டாவது சிவில் அதிகாரி, எம். டபிள்யூ. எஃப். அபேகோன். அடுத்த தலைமை தமக்குத்தான் என்று காத்திருந்த மூத்த பொலிஸ் அதிகாரிகள் கொதித்துப் போனார்கள். 1962 ஜனவரியில் இராணுவ அதிகாரிகளும் பொலிஸ் அதிகாரிகளும் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டார்கள் அல்லவா, அவர்களுடைய மனக்குறைகளில் இதுவும் ஒன்று என்று அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஒரே மாதிரியான இரண்டு நியமனங்கள், இரண்டு விதமான விளைவுகள். அபேகோனின் திறமையை நான் இங்கே எடைபோடவில்லை. ஆனால் சட்டத்தைக் காட்டி மறுத்த ஒருவரைத் தூக்கிவிட்டு அந்த நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைத்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கீழே உள்ளவர்களுக்குப் போகிற செய்தி ஒன்றுதான்: மேலே இருப்பவர்களைப் பகைக்காதே. பொலிஸ் நிலையத்தில் இருக்கிற கடைசிக் கான்ஸ்டபிளுக்கும் அது விளங்கும்.

தமிழர்களாகிய நமக்கு இதில் இன்னொரு கசப்பான பாடமும் உண்டு. 1983 ஜூலையில் இந்தக் கொழும்பில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது பொலிஸ் மா அதிபராக இருந்தவர் ஒரு தமிழர், ருத்ரா ராஜசிங்கம். பல இடங்களில் பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. தலைவர் நம்மவராக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்த நாட்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். உச்சியில் இருக்கும் மனிதர் யார் என்பதைவிட, அடியில் இருக்கும் அதிகாரி யாருக்குப் பயப்படுகிறார் என்பதுதான் பெரிய விஷயம். அந்தப் பயத்தைக் கையில் வைத்திருக்கிறவர் இடமாற்றக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர். ஒரு பொறுப்பதிகாரியை ஒரே இரவில் வேறொரு மூலைக்கு அனுப்ப ஓர் அரசியல்வாதியால் முடியுமென்றால், அந்தப் பொலிஸ் நிலையத்துக்கு உண்மையான தலைவர் அந்த அரசியல்வாதிதான்.

இதை உடைக்கத்தான் 2001இல் அரசியலமைப்பின் 17வது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைக் கொண்டு வந்தது. ஏழு உறுப்பினர்கள், மூன்று ஆண்டுப் பதவிக்காலம். பொலிஸ் மா அதிபரைத் தவிர மற்ற அதிகாரிகளின் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை எல்லாம் இவர்கள் கைக்கு வந்தன. உறுப்பினர்களை, இப்படிப்பட்ட ஆணைக்குழுக்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் சபையான அரசியலமைப்புப் பேரவை சிபாரிசு செய்ய வேண்டும், ஜனாதிபதி தன் விருப்பத்துக்குப் போட முடியாது. நான் கேட்கிற சிவில் தலைமை இதுதான். அமைச்சர் கொள்கையைச் சொல்லட்டும், பணத்தை ஒதுக்கட்டும், பாராளுமன்றத்தில் பதில் சொல்லட்டும். எந்த சார்ஜன்ட் எங்கே வேலை செய்ய வேண்டும் என்பது அவர் வேலை அல்ல.

சரி, இந்த ஆணைக்குழு எப்படி வாழ்ந்தது? முதல் ஆணைக்குழுவின் காலம் 2005இல் முடிந்தது. அரசியலமைப்புப் பேரவையே அப்போது இயங்கவில்லை. 2006இல் ஜனாதிபதி தானே நேரடியாக உறுப்பினர்களை நியமித்தார். 2010இல் 18வது திருத்தம் இடமாற்ற அதிகாரத்தையும் ஒழுக்காற்று அதிகாரத்தையும் பறித்தது. 2015இல் 19வது திருத்தம் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது. 2020இல் 20வது திருத்தம் நியமனங்களை மறுபடி ஜனாதிபதியின் கைக்குக் கொண்டு போனது. 2022இல் 21வது திருத்தத்தோடு பேரவை திரும்பி வந்தது. ஆட்சிக்கு ஆட்சி இப்படிப் பந்தாடினால், துணிந்து முடிவெடுக்கும் பழக்கம் எந்த நிறுவனத்துக்கு வரும்?

ஆனாலும் நம்பிக்கை தருகிற ஒன்று அண்மையில் நடந்தது. 2025 ஆகஸ்டில் பொலிஸ் மா அதிபர் ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கும் தீர்மானம் பாராளுமன்றத்தில் 177 வாக்குகளோடு நிறைவேறியது. எதிராக ஒரு வாக்கும் இல்லை. அதற்கு முன், உயர் அதிகாரிகளை நீக்கும் நடைமுறையைச் சொல்லும் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாரணைக் குழு அமைத்து, அவர் தரப்பைக் கேட்டு, அறிக்கை எழுதினார்கள். அந்தக் குழுவில் பொலிஸ் ஆணைக்குழுவின் தலைவரும் இருந்தார். 1959இல் ஒருவரை அனுப்பிய விதத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பொலிஸ் மா அதிபரை நீக்குவது கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முடியாததாக இருக்கக் கூடாது.

இனி நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். பொலிஸ் அதிகாரிகளுக்கு எதிராகப் பொதுமக்கள் தரும் முறைப்பாடுகளை விசாரிக்கும் கடமையும் இந்த ஆணைக்குழுவுக்கு உண்டு. முறைப்பாட்டை எடுத்து, அதே பொலிசிடம் அறிக்கை கேட்டு, அந்த அறிக்கையையே முறைப்பாட்டாளருக்குப் பதிலாக அனுப்பினால் அதற்கு விசாரணை என்று பெயர் இல்லை. ஆணைக்குழுவுக்குச் சொந்தமாக விசாரணையாளர்கள் வேண்டும். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் போதுமான அளவு இருக்க வேண்டும். இந்த நகரத்தில் பொலிசுக்குப் போய், தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக்கொடுக்க, வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் அம்மாமார் இன்றைக்கும் இருக்கிறார்கள். அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் தந்திருக்கிறது. அந்த உரிமை பொலிஸ் நிலையத்துக்குள்ளும் செல்லும்.

ஆகவே உங்களுக்கு அப்படி ஒரு நிலை வந்தால், எழுதியதைத் தமிழில் சொல்லும்படி கேளுங்கள். விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அதிகாரி நடந்த விதம் பிழை என்றால் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பதில் சிங்களத்தில் வந்தால், தமிழில் தரும்படி மறுபடியும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.