காற்றிசைக் கலைஞர் பட்டி காலெட்

அவையில் கூடியிருக்கும் இசை அன்பர்களுக்கு வணக்கம். ஜாஸ் என்றால் நியூ ஆர்லியன்ஸையும் நியூயார்க்கையும் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பவர், 1921-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்து, அங்குள்ள வாட்ஸ் பகுதியில் வளர்ந்த பட்டி காலெட். புல்லாங்குழல், கிளாரினெட், ஆல்டோ சாக்ஸபோன், டெனர் சாக்ஸபோன் ஆகிய நான்கிலும் தேர்ந்தவர் அவர்.

இது எத்தகைய உழைப்பு என்பதைச் சற்று விளக்க வேண்டும். சாக்ஸபோனில் விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு பெருவிரல் சாவியை அழுத்தினால், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். கிளாரினெட்டில் அவ்வாறு செய்தால், ஸட்ஜமம் ஒலித்த விரலமைப்பில் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் ஒலிக்கும். புல்லாங்குழலிலோ, மற்ற மூன்றிலும் ஊதும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் ரீட் என்ற மெல்லிய நாணல் பட்டை கிடையாது. உதட்டிலிருந்து வரும் காற்றே துளையின் விளிம்பில் பட்டு நாதமாக வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒரு பாடல் முடிவதற்குள்ளேயே இவற்றில் ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றை எடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படை இசைக்குழுவை நடத்திய காலெட், திரும்பி வந்ததும் இசைப் பள்ளிகளில் சேர்ந்து மேற்கத்தியச் செவ்வியல் முறையில் பயின்றார். அந்தப் படிப்புக்கு அன்று ஓர் அவசரத் தேவையும் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின இசைக்கலைஞர்களுக்கு ஒரு தொழிற்சங்கமும் வெள்ளையருக்கு மற்றொரு சங்கமும் இருந்தன. ஹாலிவுட் வாய்ப்புகள் வெள்ளையர் சங்கத்துக்கே சென்றன. கறுப்பர்களுக்கு இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்க வராது என்று சொல்லப்பட்ட காரணத்தை முறியடிக்க, காலெட்டும் தோழர்களும் இரு இனத்தவரும் சேர்ந்து அமரும் சிம்பொனிக் குழு ஒன்றை அமைத்துப் பயிற்சி செய்தார்கள். 1953-இல் இரு சங்கங்களும் ஒன்றாயின. செவ்வியல் பயிற்சியை உரிமைப் போராட்டத்தின் கருவியாகவும் ஆக்கிக்கொண்ட இந்தச் செயலையே, அவருடைய எந்த இசைத்தட்டையும்விட நான் உயர்வாக மதிக்கிறேன். நகைச்சுவை நடிகர் கிரௌச்சோ மார்க்ஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வாசித்த குழுவிலும் அவருக்கு இடம் கிடைத்தது.

கற்பித்தலை அவர் பின்னாளில் மேற்கொண்ட பிழைப்பாக எண்ணிவிடக் கூடாது. வயலின் இனத்தைச் சேர்ந்த செல்லோவை வாசித்துக்கொண்டிருந்த, பின்னாளில் ஜாஸ் மேதையான சார்லஸ் மிங்கஸை, இருவரும் சிறுவர்களாக இருந்தபோதே, அதைவிடப் பெரிய தந்தி வாத்தியமான பாஸ் வாசிக்கத் தூண்டியவர் அவர். எரிக் டால்ஃபி, சார்லஸ் லாயிட், ஜேம்ஸ் நியூட்டன் ஆகிய ஜாஸ் கலைஞர்கள் அவரிடம் பயின்றவர்கள். 1994-இல் இளைஞர்களுக்குக் கட்டணமின்றி ஜாஸ் கற்பிக்கும் அமைப்பைத் தொடங்குவதில் பங்கேற்றார். 1998-இல் பக்கவாதம் தாக்கி வாசிப்பு நின்றபோதும் மாணவர்களை வழிநடத்துவதை விடவில்லை, 2010-இல் காலமானார்.

டிரம்ஸ் கலைஞர் சிகோ ஹாமில்டனின் ஐவர் குழுவில் செல்லோவுக்கும் கிதாருக்கும் இடையே காலெட் வாசித்த 1955-ஆம் ஆண்டுப் பதிவுகளில், அவரே இயற்றிய ‘ப்ளூ சாண்ட்ஸ்’ என்ற உருப்படியை இப்போது கேட்கவிருக்கிறோம். டிரம்ஸின் தாளத்துக்கு மேல் புல்லாங்குழல் மெல்ல மெல்ல வளர்ந்து செல்வதைக் கவனியுங்கள்.