கண்ணாடி காசு வாங்காது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

பத்திரிகைகளும் விளம்பரங்களும் சமூகத்தின் மனப்பான்மையைக் காட்டுகின்றனவா, உருவாக்குகின்றனவா என்பது தலைப்பு. உருவாக்குகின்றன என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், "முகம் கோணலாக இருந்தால் கண்ணாடியை ஏன் உடைக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார், நல்ல கைதட்டல். ஊரில் இருப்பதைத்தான் அவர்கள் அச்சடிக்கிறார்கள், அதற்கு மேல் அவர்களுக்குச் சக்தி கிடையாது என்பது அவர் வாதம்.

சரி, கண்ணாடி என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுக் கண்ணாடி, அதில் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு மூன்றாவது மனிதரிடம் காசு வாங்குகிறதா? பத்திரிகை வாங்குகிறது. வாசகர் கொடுக்கும் விலையில் மட்டும் பிழைக்க முடியாமல், பக்கத்துக்கு இவ்வளவு என்று விளம்பரதாரர் கொடுக்கும் பணத்தில்தான் நூறு வருடங்களுக்கும் மேலாகப் பெரும்பாலான பத்திரிகைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாம் பத்திரிகையை வாங்குகிறோம் என்று நினைக்கிறோம், அங்கே நம்மைத்தான் ஆயிரம் ஆயிரமாக எண்ணி விளம்பரதாரருக்கு விற்கிறார்கள். இந்த இடத்தை எதிரணி ஒருமுறைகூடத் தொடவில்லை.

லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1879-ல் அது வந்தபோது அறுவைச் சிகிச்சைக்கான கிருமிநாசினி. 1920களில் அதை விற்றவர்கள், வாய் நாற்றத்தைக் குறிக்கும், மருத்துவர்களைத் தவிர அநேகமாக யாருக்கும் தெரியாத 'ஹாலிடோசிஸ்' என்ற சொல்லைத் தேடி எடுத்து, பத்திரிகை பத்திரிகையாக விளம்பரம் கொடுத்தார்கள். அதில் ஓர் அழகான இளம்பெண் வருவாள். தோழிகளுக்கெல்லாம் கல்யாணம் ஆகிவிட்டது, இவளுக்கு மட்டும் ஆகவில்லை. காரணம் வாய் நாற்றம், அதை நெருங்கிய தோழிகூட அவளிடம் சொல்ல மாட்டாள். வாய் நாற்றம் எல்லாக் காலத்திலும் இருந்ததுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வாய்க்கு முன்னால் கையை வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, இதனால்தான் யாரும் நம்மிடம் நெருங்கவில்லையோ என்று ஒரு பெண் ராத்திரி படுக்கையில் யோசிக்கிறாளே, அந்த யோசனையை அவளுக்குக் கொடுத்தது யார்? அக்குள் முடியும் அப்படித்தான். 1915-ல் ஜில்லெட் பெண்களுக்கென்று தனி ரேசர் கொண்டுவந்தது, அதே வருடம் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழில் கையில்லாத உடை அணிந்த பெண் கையைத் தூக்கி நிற்கும் விளம்பரம் வந்தது. அதுவரை யாருக்கும் பெரிதாகத் தோன்றாத ஒன்று, பெண் மறைக்க வேண்டிய அசிங்கம் ஆனது.

"ஆசையும் பயமும் மனிதர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, வியாபாரி அதைப் பயன்படுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான்" என்று எதிரணியில் இன்னொருவர் சொன்னார். கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் பொருள் விற்பதை விட்டுவிட்டு, பத்திரிகைக் கதைகளுக்கே வருகிறேன். என் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் நேரம். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். அரசின் போர்த் தகவல் அலுவலகம் 1942-ல் இருந்து பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டியை அனுப்பத் தொடங்கியது. எந்த மாதிரிக் கட்டுரை வேண்டும், கதைகளில் எந்த மாதிரிப் பெண்கள் வர வேண்டும் என்றெல்லாம் அதில் யோசனைகள் இருக்கும். 1943 செப்டம்பரில் ஏராளமான பத்திரிகைகள் ஒரே மாதத்தில் வேலை செய்யும் பெண்ணை அட்டையில் போட்டன. சமூகம் அந்த ஒரு மாதத்தில் திடீரென்று மாறிவிட்டதா, நடுவர் அவர்களே? பத்திரிகையால் மனதை மாற்ற முடியாது என்றால், ஓர் அரசு போருக்கு நடுவே இதற்கு மெனக்கெட்டிருக்குமா?

போர் முடிந்தது, வேலை செய்யும் பெண் அட்டையிலிருந்து இறங்கிவிட்டாள். பெட்டி ஃப்ரீடன், தானே பெண்கள் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவர், பழைய இதழ்களை உட்கார்ந்து புரட்டிப் பார்த்தார். 1939 வாக்கில் கதாநாயகிகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வேலையில் இருந்தார்கள். 1949 முடியும்போது மூன்றில் ஒருத்திதான், அவளும் வேலையை விடுகிறவளாக இருந்தாள். 1958-லும் 1959-லும் அவர் இதழ் இதழாகத் தேடியும், தனக்கென்று ஒரு தொழிலோ லட்சியமோ உள்ள ஒரு கதாநாயகிகூடக் கிடைக்கவில்லை. 1963-ல் வந்த தன் புத்தகத்தில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

இப்போது எதிரணியின் கண்ணாடிக் கணக்கைப் போடுவோம். கதையில் வேலைக்குப் போகும் பெண் மறைந்துகொண்டே வந்தாள் என்றால், தெருவிலும் மறைந்துகொண்டு வந்திருக்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் உழைப்புச் சந்தையில் இருந்த பெண்கள் 1950-ல் சுமார் 34 சதவீதம், 1960-ல் சுமார் 38 சதவீதம். கூடியிருக்கிறது! அதிலும் கல்யாணமான பெண்கள்தான் அதிகமாக வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். முகம் ஒரு பக்கம் திரும்பினால் உருவம் நேர் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இதை எந்தக் கடையில் கண்ணாடி என்று விற்பார்கள்? காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் அந்தப் பத்திரிகையை எடுத்துப் பார்த்த பெண்ணுக்குத் தன்னைப் போல ஒருத்திகூட அதில் இல்லை. அப்போது அவளுக்குத் தோன்றியது என்ன? பத்திரிகை தவறு என்று தோன்றியிருக்காது, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியிருக்கும். பார்வையை உருவாக்குவது என்று நான் சொல்வது இதைத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது பொறுப்பதில்லை.

அந்தப் பெண்களுக்கே ஒருநாள் பொறுக்கவில்லை. 1970 மார்ச் 18 அன்று நூறு பேருக்கு மேல் லேடீஸ் ஹோம் ஜர்னல் ஆசிரியரின் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பதினோரு மணி நேரம். பெண்கள் பத்திரிகை, ஆனால் ஆசிரியர் ஆண். கடைசியில் ஆகஸ்ட் இதழில் 8 பக்கங்களை அவர்களே எழுதிக்கொள்ள விட்டார்கள். "பார்த்தீர்களா, சமூகம் மாறியது, பத்திரிகை பின்னால் வந்தது" என்று எதிரணி இதைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும். கண்ணாடிக்கு முன்னால் யாராவது பதினோரு மணி நேரம் தர்ணா இருப்பார்களா? தங்கள் வாழ்க்கைக்கு அச்சு வார்க்கும் இடம் அந்த அறை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் அங்கே போனார்கள். பிரிட்டனில் 2019 ஜூனிலிருந்து, தீங்கு செய்யும் பாலினப் பிம்பங்களை விளம்பரத்தில் காட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. இருப்பதைக் காட்டுவது மட்டும்தான் விளம்பரத்தின் வேலை என்றால் இந்த விதிக்கு என்ன தேவை?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் கொடுங்கள். இதுவரை அச்சில் வந்ததைப் பற்றிப் பேசினேன், வராததைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

சிகரெட்டால் புற்றுநோய் வரும் என்று 1952 டிசம்பரில் பெரிய அளவில் மக்களிடம் கொண்டுபோன பத்திரிகை ரீடர்ஸ் டைஜஸ்ட். அதன் அமெரிக்கப் பதிப்பு அப்போது விளம்பரமே வாங்கவில்லை, 1955-ல்தான் வாங்கத் தொடங்கியது, அப்போதும் சிகரெட் விளம்பரம் வேண்டாம் என்றுவிட்டது. மற்ற பத்திரிகைகள்? 1971 தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் நின்றதும், அந்தப் பணம் பெருமளவில் பத்திரிகைகள் பக்கம் திரும்பியது. பிறகு ஆராய்ச்சியாளர்கள் 99 அமெரிக்கப் பத்திரிகைகளின் 25 வருட இதழ்களை எடுத்து எண்ணிப் பார்த்து, 1992-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். புகையின் ஆபத்தைப் பற்றி ஒரு வருடத்தில் கட்டுரை வரும் வாய்ப்பு, சிகரெட் விளம்பரம் வாங்காத பெண்கள் பத்திரிகைகளில் 11.5 சதவீதம். வாங்கியவற்றில் 5.0 சதவீதம், பாதிகூட இல்லை. இரண்டு வகைப் பத்திரிகைகளும் இருந்தது ஒரே நாட்டில், அதே காலத்தில், அதே நோய்க்கு நடுவில். அந்தக் கட்டுரையைப் படிக்க வாய்ப்பே கிடைக்காமல் அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்த பெண்ணிடம், "அது வெறும் கண்ணாடி அம்மா" என்று எதிரணி சொல்லுமா? எனக்கு அடுத்து வருகிறவர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், இந்த 5.0-க்கும் 11.5-க்கும் நடுவில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லட்டும்.