வீங்கிய காலுக்குத் தண்ணீரும் சோப்பும்

நேயர்களுக்கு வணக்கம். யானைக்கால் நோயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நிலையத்தில் ஒரு தம்பி கேட்டார், "அது இன்னும் இருக்கா டாக்டர்?" என்று. நியாயமான கேள்விதான். இருபது வயதுப் பிள்ளைகள் புதிதாகக் கால் வீங்கிய ஒருவரைப் பார்த்திருப்பது அரிது. ஆனால் கடலூர் முதுநகரிலோ முத்தியால்பேட்டையிலோ, கணுக்கால் மறையப் புடவையைத் தாழக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். நோய் பரவுவது குறைந்தது ஒரு சேதி. வந்த வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கால்களைப் பற்றித்தான் இன்று அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் நோய் வரும் வழி. இது ஒரு புழுவால் வருவது. நூல் போல வெள்ளையாக இருக்கும். பெண் புழு எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை நீளம். நம் உடம்பின் நிணநீர்க் குழாய்களுக்குள் ஆறிலிருந்து எட்டு வருடம் வரை குடியிருக்கும். அது போடும் குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் பதுங்கிக் கிடந்துவிட்டு, இரவு பத்து மணிக்கு மேல் வெளி ரத்தத்துக்கு வரும். இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவும் இரவில்தான் கடிக்கிறது. என்ன பொருத்தம் பாருங்கள்! அதனால்தான் சுகாதாரத் துறையினர் தூங்குகிற நேரத்தில் கதவைத் தட்டி விரலில் ஒரு சொட்டு ரத்தம் கேட்கிறார்கள். அவர்களைத் திட்டி அனுப்பாதீர்கள்.

நிணநீர் உடம்பின் கழிவுநீர் மாதிரி. சாக்கடை அடைத்தால் தெருவில் தண்ணீர் தேங்குவதுபோல, அந்தக் குழாய் கெட்டுப்போனால் காலில் நீர் தேங்குகிறது. ஒரு கடியில் வந்துவிடாது. பல மாதங்கள், பல வருடங்கள், நூற்றுக்கணக்கில் கடிபட்ட பிறகுதான் பெரும்பாலும் நோய் பிடிக்கும். சின்ன வயதில் உள்ளே போன புழு நாற்பது வயதில் கால் வீக்கமாகத் தெரிவதும் உண்டு.

இங்கேதான் எங்கள் ஆட்கள் தடுமாறுகிறார்கள். கால் பெரிதாக வீங்கி வருகிறவர்கள் என்னிடம் கேட்பது மாத்திரை. "டி.இ.சி. எழுதிக் கொடுங்க ஐயா, கால் வத்திடுமில்ல?" வற்றாது. அந்த மாத்திரை ரத்தத்திலுள்ள குஞ்சுகளைக் கொல்லும், பெரிய புழுக்களிலும் ஒரு பங்கைக் கொல்லும். கெட்டுப்போன குழாயைச் செப்பனிடாது. பல வருடம் வீங்கிய காலில் பெரும்பாலும் உயிருள்ள புழுவே இருக்காது. அப்படியானால் அந்தக் காலை மேலும் மேலும் பெருக்க வைப்பது எது?

பாக்டீரியா. அது நுழைகிற வாசல் விரலிடுக்குச் சேற்றுப்புண். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. திடீரென்று குளிரெடுத்துக் காய்ச்சல் வரும், கவட்டையில் நெறி கட்டும், கால் சிவந்து சுடும். "அமாவாசைக்கு அமாவாசை வருது டாக்டர்" என்பார்கள். நிலாவின் மேல் எனக்குச் சந்தேகமில்லை. விரலைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளையாக ஊறிப்போன தோலும் ஒரு வெடிப்பும் பெரும்பாலும் இருக்கும். அந்த வெடிப்பின் வழியாக ஒவ்வொரு முறை காய்ச்சல் வரும்போதும் வீக்கம் ஒரு சுற்று ஏறும், இறங்கும்போது முழுதாக இறங்காது.

ஆகவே வேலை உங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. தினமும் ஒரு முறை, முடிந்தால் இரவு படுக்கும் முன், காலைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்துச் சாதாரண சோப்புப் போட்டு முழங்காலிலிருந்து கீழே மெதுவாகக் கழுவுங்கள். பிரஷ் வேண்டாம், கல் வேண்டாம். மடிப்புகளுக்குள்ளும் விரலிடுக்கிலும் மெல்லிய துணியை விட்டுக் கழுவி, தண்ணீர் தெளிவாக வரும்வரை ஊற்ற வேண்டும். பிறகு துடைப்பதில்தான் நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். விரலிடுக்கில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. சேற்றுப்புண் இருந்தால் பூஞ்சைக் களிம்பு. குனிய முடியாத வயதானவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இதைச் செய்யலாம். கடித்தால்தான் கொசு பரப்பும், தொட்டால் யாருக்கும் ஒட்டாது.

படுக்கும்போது கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். வயலுக்குப் போனாலும் செருப்புப் போடுங்கள். காய்ச்சல் வந்த நேரத்தில் மட்டும் பயிற்சி வேண்டாம்; ஈரத்துணி போட்டு ஓய்வெடுத்து மருத்துவமனைக்கு வாருங்கள். வெந்நீர் ஒத்தடம், சூடான பற்று இரண்டும் கூடாது. விடாமல் கழுவி வந்தவர்களுக்கு முதலில் நாற்றம் நிற்கும், அப்புறம் காய்ச்சல் வருகிற இடைவெளி நீளும். கால் பழையபடி ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வேலைக்குப் போக முடியும், கல்யாண வீட்டுக்குப் போக முடியும்.

கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணீர் பிடிக்கும், இதற்குச் சாக்கடை. புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய கொசுவழி நோய் ஆராய்ச்சி மையம், 1981 முதல் ஐந்து ஆண்டுகள் நகரத்தில் கொசு பெருகும் இடங்களைக் குறிவைத்து யானைக்கால் தடுப்புத் திட்டத்தை நடத்தியது. அந்த வேலையில் ஒரு பங்கை நீங்களும் செய்யலாம்: செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டுங்கள்.

2004 முதல் நாடு முழுக்க நோயுள்ள மாவட்டங்களில், நோய் பரவாமல் தடுக்க ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். தின்றதும் சிலருக்குத் தலைவலி, காய்ச்சல் வரும். குஞ்சுகள் சாகும்போது உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. ஓரிரு நாளில் தணியும். கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கடுமையாக நோயுற்றவர்களுக்கும் தர மாட்டார்கள். மற்றவர்கள் வெறும் வயிற்றில் இல்லாமல், கொடுப்பவர் முன்னாலேயே மாத்திரையை விழுங்குவது நல்லது. தலையணைக்கடியில் போன மாத்திரைகளின் கதை எங்களுக்குத் தெரியும்.

ஆண்களுக்கு இந்த நோய் விரை வீக்கமாகவும் வரும். வெட்கப்பட்டு, வேட்டிக்குள் மறைத்து வருடக்கணக்கில் சுமக்கிறார்கள். நடையே மாறிவிடும். கால் வீக்கம்போல இதற்கு வாழ்நாள் முழுக்கப் பராமரிப்புத் தேவையில்லை. பெரும்பாலும் ஓர் அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும், அரசு மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, அவர் வாய் திறக்க மாட்டார். அறுவை சிகிச்சைப் பிரிவில் எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று விசாரித்து, சீட்டு போட்டு, கையோடு கூட்டிவந்துவிடுங்கள். வணக்கம்.