பதில் வேண்டாம், துணை வேண்டும்

நேயர்களுக்கு வணக்கமுங்க. மனநலப் பிரிவில் பல வருசம் செவிலியராக இருந்தவள் நான். ஓசிடி, அதாவது எண்ணச் சுழற்சி நோயைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் சுத்தபத்தமாக இருந்தாலே ஓசிடி என்று சொல்லிவிடுகிறோம். அவ்வளவு லேசான விசயமில்லைங்க அது.

திருப்பூரில் ஒரு பெண். அடையாளத்தை மாற்றித்தான் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும், கை அடுத்த பீசுக்குப் போய்விடும். அதே கை ராத்திரியில் வீட்டுத் தாழ்ப்பாளை விடாது. போடுவார், இழுத்துப் பார்ப்பார், படுப்பார், மறுபடி எழுந்து வருவார். "கதவு சாத்தியாச்சுங்களா அத்தை?" என்று மாமியாரை எழுப்புவார். சின்ன வயதில் சொந்தக்காரர் ஒருவர் அவரிடம் நடந்துகொண்ட விதம் வீட்டில் யாருக்கும் தெரியாது. கொடுமைக்கு ஆளான எல்லாருக்கும் ஓசிடி வரும் என்றில்லை. ஓசிடி வந்த எல்லாருக்கும் அப்படி ஒரு கதை இருக்கும் என்றுமில்லை. இரண்டும் சேர்ந்துவிட்டால் மனுசருக்குத் தூக்கமே போய்விடும்.

மாமியார் தங்கமானவர். "சாத்தியாச்சு கண்ணு, படு" என்று கேட்கும்போதெல்லாம் சொல்வார். அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி. கேட்டதும் பயம் தணிகிறது. தணிவதாலேயே மறுபடி கேட்கத் தோன்றுகிறது. சிகிச்சையில் இதைத்தான் படிப்படியாகப் பழக்குவார்கள்: ஒரு தடவை பூட்டு, திரும்பிப் போய்ப் பார்க்காதே. பயம் ஏறும், அப்புறம் தானாகவே இறங்கும். மாமியாரும் பழகினார். "பயமா இருக்குதா கண்ணு? நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்." அவ்வளவுதான் சொல்வார். மறுபடியும் சொல்கிறேன்: பதில் வேண்டாம், துணை வேண்டும். அதையும் நோய் உள்ளவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு செய்யுங்கள், திடீரென்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. நோம்பிக்கோ சீருக்கோ கொடுமை செய்த அந்த ஆள் வந்து நின்றால், "பெரியவர், கும்பிட்டுக்கோ" என்று பாதிக்கப்பட்டவரை அவர் முன்னால் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பயம் நோயில்லை, நியாயமான பயம். "அப்பவே ஏன் சொல்லலை?" என்றும் கேட்காதீர்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மாத்திரையும் உண்டுங்க, ஓசிடிக்குப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். போனிலேயே மனநல உதவி தரும் அரசு சேவையான டெலி மானஸ் எண் 14416. காசில்லை, ராத்திரியிலும் தமிழில் பேசலாம். கொடுமை இப்போதும் நடந்துகொண்டிருந்தால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. வணக்கமுங்க.