ஏட்டுச் சுரைக்காயும் ஆங்கில மரபுத்தொடரும்
(பெரம்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவில் வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அன்பர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். ஐயா கையால் பொன்னாடை பெற்றது என் பாக்கியம். என் அண்ணனுக்குப் பாடம் சொன்ன கை அது.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஆங்கில மரபுத்தொடர் என்றால் என்ன, அவை எங்கிருந்து வந்தன, நம் பிள்ளைகள் அவற்றை எப்படிக் கற்க வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். சொற்களின் நேர்ப்பொருளை விட்டு வேறு பொருள் தருவதுதான் மரபுத்தொடர், ஆங்கிலத்தில் ‘இடியம்’. அதற்கு அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பொருள் கூட்டினால் கிடைப்பது அந்தச் சுரைக்காய்தான். ‘புல்லிங் மை லெக்’ என்று ஒருவர் சொல்கிறார். காலை வாருகிறான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். தமிழில் காலை வாருவது துரோகம். ஆங்கிலத்தில் அது வெறும் கேலி, விளையாட்டு. ‘அண்டர் த வெதர்’ என்றால் மழையில் நனைவதல்ல, உடம்பு சரியில்லை. ‘கோல்டு ஃபீட்’ என்றால் பாதம் சில்லிடுவதல்ல, கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது. நம் மொழியும் அப்படித்தான். ‘அவன் எனக்கு அல்வா கொடுத்துட்டான்’ என்றால், வெளியூர்க்காரர் எனக்கும் கொஞ்சம் கொடு என்று கை நீட்டுவார்!

என் அண்ணன் கதையைச் சொல்லியாக வேண்டும். 1983-இல் பாரிமுனையில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை. பெயர் வேண்டாம். மேனேஜர் தூத்துக்குடிக்குப் புறப்படும்போது, துறைமுகத்தில் இருந்த சரக்கைக் காட்டி, ‘கீப் மீ போஸ்டட்’ என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார். அண்ணன் தமிழ்வழியில் படித்தவர். ‘போஸ்ட்’ தெரியும். சரி, தபால் எழுதச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் ஒரு இன்லேண்ட் லெட்டர். முத்து முத்தான கையெழுத்து. தானே நடந்துபோய் ஜி.பி.ஓ. என்கிற பெரிய தபால் நிலையத்துப் பெட்டியில் போடுவார். மூன்றாம் நாள் ஒரு கையெழுத்துக்காகச் சரக்கு நின்றுவிட்டது. அதையும் கடிதத்தில்தான் எழுதினார். மேஜைமேல் டெலிபோன் இருந்தது, வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசியிருக்கலாம். கடிதம் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டார். சரக்கு தேங்கியதற்கான கட்டணம், டெமரேஜ், ஏறியது. அண்ணனுக்கு அரை மாதச் சம்பளம் பிடித்தார்கள். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அம்மா கேட்டார்: ‘அப்பப்போ தகவல் சொல்லுன்னு தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்க ஒருத்தர்கூடவாடா இல்லே?’

அந்தக் கேள்விதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது. எங்கிருந்து வந்தன என்பதை இன்னொரு நாள் பேசுகிறேன், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இன்றும் சில பள்ளிகளில் வகுப்பில் தமிழ் பேசினால் பிள்ளைக்கு அபராதம். ‘பட்டர்ஃபிளைஸ் இன் த ஸ்டமக்’ என்று பாடத்தில் வருகிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிற மாதிரி என்று ஆசிரியர் சொன்னால் அந்தக் குழந்தை சாகும்வரை மறக்காது. அதே மூச்சில், புளி என்பது வெறும் பயம், பட்டாம்பூச்சியில் கொஞ்சம் ஆவலும் கலந்த படபடப்பு உண்டு என்று வித்தியாசத்தையும் காட்டலாம். தமிழைத் தடுத்துவிட்டு எதைக் கொண்டு காட்டுவது? மறுபடியும் ஏட்டுச் சுரைக்காய்தான். பீட்டர் பெர்சிவல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், 1874-இல் இதே சென்னையில், 6000-க்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். இரண்டு மொழியையும் பக்கத்தில் வைத்துத்தான் நம்மைப் புரிந்துகொண்டார் அவர். நம் பிள்ளைக்கு மட்டும் அது குற்றமா?

நான் ஆங்கிலத்துக்கு எதிரி இல்லை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், கப்பல் ஏறட்டும். அந்த அபராதம் மட்டும் போக வேண்டும். வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். தலைமையாசிரியர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார். மாமன்ற உறுப்பினர் அம்மா இரண்டாவதாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோர்கள் பேனா தேட வேண்டாம், அங்கேயே நான்கு வைத்திருக்கிறோம். வணக்கம்.