வாய்க்காலில் தண்ணீர் விட்ட மூன்றாம் நாள்

(கோபிச்செட்டிபாளையம் அருகே நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கமுங்க.

'குழந்தைகளும் பிறந்தநாளும்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவள், இவளுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார்கள். ஆனால் என் கையால் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிய குழந்தைகளில் பாதிக்கு மேல் பிறந்தநாள் ஜூன் 1. தப்பினால் மே மாதத்தில் ஏதாவது ஒரு நாள். அந்தப் பதிவேட்டை மட்டும் பார்க்கிற வெளியூர்க்காரர், கோபிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் பிள்ளையே பிறக்காது போலிருக்கிறது என்றுதான் முடிவு கட்டுவார். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் ஆதாரிலும் அதே கதைதானே?

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. பிறந்து கெடு நாளுக்குள் சொல்லிப் பதிய வேண்டும், இப்போது அந்தக் கெடு 21 நாள். ஆனால் தோட்டத்துச் சாளை வீட்டில் மருத்துவச்சி வந்து பார்த்த பிரசவத்துக்கு யார் போய்ப் பதிவது? வாய்க்கால் பாசனக் காடு, வீட்டுக்கு வீடு அரை மைல். பால்மாடு, நாற்று, களையெடுப்பு. கெடு நாள் எப்போது வந்து எப்போது போனது என்றே தெரியாது. ஐந்து வருடம் கழித்து ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அப்பாருவோ (அப்பாவின் அப்பா) அம்மாயியோ (அம்மாவின் அம்மா) கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு என்போம். தொட்டால் ஐந்து வயசு. அப்புறம் பிறந்த தேதி கேட்போம்.

"மாரியாத்தா நோம்பிக்குக் கம்பம் நட்ட அன்னைக்குங்க."

"மஞ்சள் வேக வெச்சுட்டிருந்தமுங்க, அப்பத்தான் வலி வந்துச்சு."

இதெல்லாம் சுத்தமான தேதிதான். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதுதான் தெரியாது. பின்னால் வரிசை நிற்கும். தலைமையாசிரியர் கண்ணைக் காட்டுவார். நான் ஜூன் 1 என்று எழுதி மை ஒற்றிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுவேன். ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் கொடுக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

இந்தக் காலத்துக் குழந்தைக்கு அந்தத் தொந்தரவு இல்லை. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. மணி, நிமிடம், எடை எல்லாம் காகிதத்தில் வந்துவிடுகிறது. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்க்கப் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் அத்தாட்சி. காதைத் தொடச் சொல்ல ஆசிரியருக்கு வேலையில்லை.

தேதி சரியாகிவிட்டது, கொண்டாட்டமும் பெருத்துவிட்டது. போன மாதம் உறவில் ஒரு பேத்திக்கு முதல் பிறந்தநாள். பெருந்துறை ரோட்டில் மண்டபம். வாசலில் பிளெக்ஸ், 'எங்கள் வீட்டு இளவரசி'. பத்திரிகையில் மாலை ஆறு மணி. கேக் வெட்டியது எட்டே முக்காலுக்கு, ஏனென்றால் பெங்களூரிலிருந்து வர வேண்டிய மாமன் கிருஷ்ணகிரி பக்கம் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டார். எந்த மாமன் முதலில் ஊட்டுவது என்று ஏற்கெனவே இரண்டு வீட்டுக்குள் முணுமுணுப்பு. அரசன் பிறந்தநாளைப் பற்றித் தொல்காப்பியம் சொல்லும்போது, செற்றம் நீக்கிக் கொண்டாடுகிற பெருமங்கலம் என்கிறது. கோபதாபத்தை விட்டுவிட்டு என்று அர்த்தம். நம் ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், அன்றைக்குத்தான் புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

குழந்தை பாவம், ஏழரைக்கே தூங்கிவிட்டது. எழுப்பினார்கள். தலையில் கிரீடம், கழுத்தைக் குத்துகிற ஜிகினாச் சட்டை. வீடியோக்காரர் விளக்கைப் போட்டதும் வீறிட்டு அழுதது. மாமன் பையன் ஒருத்தன் நுரை ஸ்பிரேயை எடுத்து அடிக்க, அது மெழுகுவர்த்திக்கு மேலே போய்ப் பொக்கென்று பற்றியது. பக்கத்தில் நின்ற பெண் கேக் பலகையை இழுத்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. நுரையைத் தள்ளுகிற வாயு தீப்பிடிக்கக்கூடியது. டப்பாவிலேயே போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்?

பந்தியில் குழந்தையின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சந்தவையைப் பிசைந்துகொண்டே சொன்னாள், "அத்தை, போன வருசம் இதே நேரம் நான் ஆட்டோவுல கத்திட்டுப் போயிட்டிருந்தேன். ஆட்டோக்கார அண்ணன் ரோடு முழுக்க 'முருகா முருகா'ன்னே ஓட்டுனாரு. எறங்கும்போது காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. பொண்ணு பொறந்தா முட்டாய் குடும்மா, போதும்னாரு. இன்னிவரைக்கும் அவர் யாருன்னு தெரியல."

நானூறு பேர் வந்த மண்டபம் அது. இந்தக் கதை என் இலைக்கும் அவள் இலைக்கும் நடுவில்தான் நடந்தது. மேடையில் பிறந்த நாளைப் பற்றி எல்லாம் இருந்தது, பிறந்த அன்றைக்கு என்ன நடந்தது என்பது மட்டும் இல்லை.

கேக் வேண்டாம் என்று சொல்ல வரவில்லைங்க. எனக்கே கேக் பிடிக்கும், டாக்டருக்குத்தான் பிடிக்காது. நம் பக்கம் டீ குடிப்பதே பேக்கரியில்தான். பிறகு கேக் எப்படி அந்நியம் ஆகும்? மெழுகுவர்த்தி விஷயத்தில் மட்டும் எங்கள் அம்மாயி கட்சிதான் நான். விளக்கை வாயால் ஊதினால் அடிக்க வருவார். அணைப்பது என்றுகூடச் சொல்லக்கூடாது, 'குளிர வை' என்பார், பூக்காம்பால் திரியை இழுத்து. அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் 2017-ல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மெழுகுவர்த்தியை ஊதிய பிறகு கேக் மேல்பூச்சில் பாக்டீரியா சராசரியாக 15 மடங்கு ஆகிறதாம். பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அம்மாயி அந்தப் பின்குறிப்பை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

'ஹேப்பி பர்த்டே' பாட்டின் மெட்டு எங்கள் வாத்தியார் இனத்துக்காரர்கள் போட்டது, தெரியுமா? கெண்டக்கியைச் சேர்ந்த மில்ட்ரெட் ஹில், பேட்டி ஹில் என்று அக்கா தங்கை. தங்கை மழலையர் பள்ளியில் பாடம் சொன்னவர், அக்கா இசை சொல்லிக்கொடுத்தவர். காலையில் வகுப்புக்குள் வருகிற பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்ல அந்த மெட்டைக் கட்டினார்கள். 1893-ல் அச்சாயிற்று. பிறந்தநாள் வரிகள் பின்னால் ஏறிக்கொண்டவை. அந்தப் பாட்டு எங்கள் சொத்து என்று ஒரு கம்பெனி வெகுகாலம் காசு வாங்கிக்கொண்டிருந்தது. 2015-ல் அமெரிக்க நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. இப்போது எல்லோரும் சுருதி இல்லாமல் இலவசமாகப் பாடலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கும். பிறந்தநாளுக்கு ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போடுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அந்தப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சோற்றுக்கு முன்னால் உங்கள் பிள்ளைக்குக் கைதட்டிப் பாட வைக்காதீர்கள். தான் என்றைக்குப் பிறந்தோம் என்று சொல்ல ஆளில்லாத குழந்தையும் அந்த வரிசையில் நிற்கும். காசைக் கட்டிவிட்டு, முடிந்தால் பரிமாறிவிட்டு வாருங்கள்.

சரி, நட்சத்திரத்துக்கு வருகிறேன். நம் பெரியவர்களுக்குப் பிறந்தநாள் என்றால் மாதமும் நட்சத்திரமும்தான். ஆவணி சுவாதி, மாசி மகம், அவ்வளவுதான். நிலா 27 நாளும் ஏறக்குறைய 8 மணி நேரமும் எடுத்து ஒரு சுற்று வருகிறது. தமிழ் மாதம் அதைவிட நீளம். அதனால் எந்த நட்சத்திரமும் மாதத்தில் ஒரு தடவையாவது வரும், சில மாதம் இரண்டு தடவை. ஆங்கிலத் தேதியோடு மட்டும் ஒட்டவே ஒட்டாது, வருடா வருடம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் 19 வருடத்துக்கு ஒரு தடவை, நிலா சரியாக 254 சுற்றை முடித்துப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். உங்கள் 19, 38, 57-ஆம் பிறந்தநாட்களில் தேதியும் நட்சத்திரமும் கைகோத்துக்கொள்ளும், மிஞ்சினால் ஒரு நாள் முன்பின்னாக. வீட்டுக்குப் போய்ப் பழைய பஞ்சாங்கம் இருந்தால் பாருங்கள்.

இந்த நட்சத்திரக் கணக்கு ஒரு நாள் என்னை வசமாக மாட்டிவிட்டது. 1980-களின் கடைசி, மூன்றாம் வகுப்பு. இலவசச் சீருடை வந்துவிட்ட காலம். பிறந்தநாளுக்கு மட்டும் கலர் டிரஸ் போடலாம். மிட்டாய் பாக்கெட்டோடு வரலாம். துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போகலாம். மிட்டாயைவிட அந்தத் துணைக்குப் போகிற பதவிக்குத்தான் அடிதடி. ஒரு வாரம் முன்னாலிருந்தே பென்சில், புளியங்காய், கொடுக்காப்புளி என்று லஞ்சம் நடக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் ஒருத்தி மஞ்சள் பாவாடையில் வந்து நின்றாள். கையில் மிட்டாய் இல்லை. ஈயப் போசி, வாய்க்கு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. உள்ளே கச்சாயம், எண்ணெயில் சுட்ட இனிப்புப் பலகாரம். துணி எண்ணெயில் நனைந்து ஒட்டியிருந்தது. நான் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 1. என் கையெழுத்துத்தான்.

"பொய் சொல்லிக் கலர் டிரஸ் போடுறியா?" என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால். "போய் மாத்திட்டு வா."

அவள் போசியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. அந்தக் கச்சாயத்தை யாருக்கும் கொடுக்கவும் மனசு வரவில்லை, திருப்பி அனுப்பவும் தெரியவில்லை. ராத்திரி முழுக்க அது மேசை மேலேயே கிடந்தது.

மறுநாள் காலையில் அவளுடைய அம்மாயி வந்தார். எழுபது வயசு இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வகுப்புக்குள் வந்து, பிள்ளைகளோடு தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஏனுங் டீச்சர், நீங்க எழுதுன நாளுக்கு என்ற பேத்தி பொறக்கலீங்க. வாய்க்கால்ல தண்ணி வுட்ட மூணாம் நாளு பொறந்தா. ஆவணி சுவாதி. நேத்துச் சுவாதிங்க."

கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகரில் வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திறப்பார்கள். தண்ணீர் நம் பக்கம் வந்து சேர நாளாகும். அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் கதை. அந்த வருடம் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. இவர் மகளுக்கு ராத்திரி வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வாய்க்காலுக்கு அக்கரையில். பாலத்துக்குச் சுற்றிப் போனால் இரண்டு மைல். வண்டி மாட்டில் ஒன்று நொண்டி. அவர் வீட்டுக்காரர், அதாவது அந்தப் பெண்ணின் அப்பச்சி, அரிக்கேன் விளக்கோடு இக்கரையில் நின்று கத்த, மருத்துவச்சி அக்கரையில் இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தண்ணி எத்தன ஆழம்?" என்று கேட்டாளாம். "இடுப்பளவுதான்" என்று அப்பச்சி பொய் சொன்னாராம். கழுத்துக்கு வந்ததாம். கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்களாம். அவள் நனைந்த சேலையோடு வீட்டுக்குள் போய் முதலில் அப்பச்சியைத் திட்டினாளாம், அப்புறம்தான் பிரசவம் பார்த்தாளாம்.

"இவ பொறந்து மொதல்ல கேட்டது அழுகச் சத்தமில்லீங்க, வசவுதான்" என்றார் அம்மாயி.

நாற்பது பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. நான் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அந்தப் பெண் சீருடையில் வாசற்படியில் நின்றிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள். அன்றைக்கு வகுப்பில் அவளுக்கு இருந்த மதிப்பு கலெக்டருக்கு இருக்காது. போசியைத் திறந்தோம். ஒரு நாள் பழைய கச்சாயம், கொஞ்சம் இறுகியிருந்தது. எல்லோரும் தின்றோம்.

அன்று மாலை வீட்டுப்பாடமாக ஒன்றே ஒன்று கொடுத்தேன். நீ பிறந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வா. வாய்ப்பாட்டுக்கு வராத பிள்ளைகள்கூட மறுநாள் எனக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒருத்தன் பிறந்தபோது சினை மாடும் கன்று போட்டு, அய்யன் மாட்டுத் தொழுவத்துக்கும் வீட்டுக்கும் ஓடியிருக்கிறார். ஒருத்திக்கு மூன்று நாள் கண்ணே திறக்கவில்லை. ஒரு பையன் மட்டும், "கேட்டேனுங் டீச்சர், அம்மா ஒண்ணுமே சொல்லாமச் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க" என்றான். அதுவும் ஒரு பதில்தான் என்று சரி போட்டேன்.

ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் அந்த வீட்டுப்பாடத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் எதையும் திருத்த முடியவில்லை. அந்தப் பெண்ணின் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் இன்றைக்கும் ஜூன் 1-தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஜூன் 1 அன்று அவள் போனுக்கு வங்கியிலிருந்து வாழ்த்து வருமாம், பார்த்துவிட்டு அழித்துவிடுவாளாம்.

எனக்கு ஆகஸ்டில்தான் போன் செய்வாள். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். எடுத்ததும் ஒரே கேள்வி.

"டீச்சர், வாய்க்கால்ல தண்ணி வுட்டாச்சுங்களா?"