ஈரச் சுவரும் மஞ்சள் சட்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

புயல் என்றதும் நமக்குக் காற்றுதான் நினைவுக்கு வரும். 2017 ஆகஸ்ட் 25 இரவு, டெக்சஸ் மாநிலத்தில் ராக்போர்ட் பக்கம் கரையேறிய ஹார்வி, காற்றிலும் சளைத்ததில்லை; நாலாம் வகைப் புயல். ஆனால் ஹூஸ்டன் நகரத்தை மூழ்கடித்தது மழை. கரையேறிய புயல் உள்நாட்டுக்குள் போய் வலுவிழந்து கரைவதுதான் வழக்கம். இது போகவில்லை. நாலு நாள் அந்த வட்டாரத்தையே சுற்றிச் சுற்றி வந்து கொட்டியது. நெடர்லாந்து என்ற ஊரில் பதிவான மழை 60.58 அங்குலம், மில்லிமீட்டரில் 1,539. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பதே சராசரியாக 1,400 மில்லிமீட்டர்தான். அந்த வட்டாரத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குள் தண்ணீர் புகுந்தது.

போதாக்குறைக்கு, நகரத்தின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள். 1940-களில் வெள்ளத் தடுப்புக்காகக் கட்டியவை. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் உள்ளே தண்ணீரே இருக்காது. பூங்கா, விளையாட்டுத் திடல் என்று ஜனங்கள் நடமாடும் இடம். அதன் விளிம்பு வரைக்கும் வீடுகளைக் கட்டி விற்றுவிட்டார்கள். ஹார்வியில் தேக்கம் நிரம்பித் தண்ணீர் பின்பக்கமாக அந்த வீடுகளுக்குள் ஏறியது. அணை உடைந்துவிடக் கூடாதென்று திறந்துவிட்டதில் கீழ்ப்பக்க வீடுகளும் முழுகின. மழை நின்ற பிறகும் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

நான் அந்த மேற்குப் பகுதியில்தான் குடியிருக்கிறேன். எங்களுடையது சைவக் குடும்பம். சர்ச்சுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. இரண்டு தெரு தள்ளி வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்க மனம் கேட்காமல், பக்கத்து சர்ச்சில் ஆள் திரட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் ஒட்டிக்கொண்டேன். அங்கே பார்த்த வேலை முறையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர் வீடு செங்கல், சிமெண்டு. வெள்ளம் வடிந்தால் சேற்றை வாரிக் கொட்டி, கழுவி, காயவிட்டு, வெள்ளை அடித்துக் குடியேறிவிடலாம். அமெரிக்க வீடு மரச்சட்டத்தில் நிற்பது. சட்டத்தின் மேல் டிரைவால் என்கிற பலகை. ஜிப்சத்தை நடுவில் வைத்து இரு பக்கமும் காகிதம் ஒட்டியது. அதற்குப் பின்னால் குளிரும் வெயிலும் தாக்காமல் இருக்கக் கண்ணாடி இழைப் பஞ்சு அடைத்திருக்கும். இந்தப் பலகை காப்பியில் முக்கிய ரஸ்க் மாதிரி தண்ணீரை மேலே மேலே இழுக்கும். உள்ளே இருக்கும் பஞ்சு குடித்த தண்ணீரை லேசில் விடாது. ஹூஸ்டன் ஆகஸ்ட் மாத வெக்கை வேறு. 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச நாள் விட்டால் சுவரெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் படர்ந்து, வீட்டுக்குள் மூச்சு விட முடியாது.

ஆகவே வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைக் காப்பாற்ற ஒரே வழி, அந்த வீட்டின் உட்புறத்தை அவசரமாகப் பிய்த்துப் போடுவது. துடைத்துச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். இந்த வேலைக்கு ஆள் கூலி கொடுத்து மாளாது. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது. அதற்கு 1968-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும். ஹார்வியில் முழுகிய வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் எடுத்திருக்கவில்லை. ‘எங்க ஏரியாவுக்கு வெள்ளமே வந்ததில்லையே’ என்பதுதான் எல்லோர் வாயிலும். குப்பை அள்ளும் ஊராட்சி வண்டியும் ரோட்டோரத்தில் கிடப்பதைத்தான் எடுக்கும், வாசலுக்குள் கால் வைக்காது. வீட்டுக்குள்ளிருந்து ரோட்டோரம் வரைக்கும் உள்ள அந்தச் சில கஜ தூரம் யாருடைய பொறுப்பும் இல்லை. சர்ச் ஆட்கள் நிற்பது அந்த இடைவெளியில்.

எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள். வேறு மாவட்டத்திலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சர்ச் கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்தவர்கள். கடப்பாரைக்குத் தம்பி மாதிரி ஒரு தட்டையான நெம்புகம்பி, சுத்தியல், கத்தி, தள்ளுவண்டி, முகமூடி, ரப்பர் பூட்ஸ். இவ்வளவுதான் ஆயுதம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கை வைக்க விடமாட்டார்கள். குழுத் தலைவர் முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு தாளை நீட்டுவார். ‘நீங்கள் உள்ளே வரலாம், இன்னின்னதை எடுக்கலாம்’ என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. மின்சாரம் அணைத்திருக்கிறதா என்று ஒருவர் பார்ப்பார். ‘எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிட்டீர்களா?’ என்று கேட்பார்கள். இல்லையென்றால் அவர்களே நின்று எடுக்கச் சொல்வார்கள். சுவரில் தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி எடுக்க வேண்டும். தரை விரிப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி, உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுப்பார்கள். காப்பீட்டுக்காரர் வந்து ‘என்ன தரத்தில் விரிப்பு போட்டிருந்தீர்கள்?’ என்று கேட்டால் காட்டுவதற்கு.

பிறகு சாமான்களை வெளியேற்றுவது. ஃபிரிட்ஜைத் திறக்கவே கூடாது. மூடினபடியே சுற்றிலும் டேப் ஒட்டித் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். மின்சாரம் போய் ஒரு வாரம் ஆன ஃபிரிட்ஜுக்குள் இறைச்சி என்ன கதியில் இருக்கும் என்று நான் வருணிக்கப்போவதில்லை, நீங்கள் சாப்பிடும் நேரமாக இருக்கலாம். ரோட்டோரத்தில் போடுவதற்கும் கணக்கு உண்டு. மரக்கிளை ஒரு குவியல், சுவர்ப் பலகை ஒரு குவியல், ஃபிரிட்ஜ் அடுப்பு வகையறா ஒரு குவியல், பெயிண்ட் டப்பாவும் பூச்சிமருந்தும் தனி. கலந்து போட்டால் லாரிக்காரர் எடுக்காமலே போய்விடுவார்.

அதன் பின்தான் சுவர். தரையிலிருந்து நாலடி உயரத்தில் நேர்கோடு இழுத்து, அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டி எடுப்பார்கள். ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார்: “தண்ணி முழங்கால் அளவுகூட வரலை, ஏன் இடுப்புக்கு மேல வெட்டுறீங்க?” குழுத் தலைவர் கோபப்படவில்லை. தண்ணீர் ஏறிய கோட்டுக்குச் சற்று மேலே ஒரு கையகலம் பலகையைப் பெயர்த்து, பின்னால் இருந்த பஞ்சைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சொட்டச் சொட்ட ஈரம். அப்புறம் விளக்கினார்: பலகை கடையில் நாலடிக்கு எட்டடி அளவில்தான் வரும், நாலடியில் வெட்டினால் மறுபடி அடைக்கும்போது முழுப் பலகையைப் படுக்கைவாட்டில் அப்படியே பொருத்திவிடலாம், வெட்டுக்கூலியும் இல்லை, கழிவும் இல்லை. பெரியவர் தலையாட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சுவர் போன பிறகு எலும்பு மாதிரி மரச்சட்டம் மட்டும் நிற்கும். அதில் நூற்றுக்கணக்கில் ஆணியும் ஸ்டேப்பிளும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று விடாமல் பிடுங்கினால்தான் புதுப் பலகை சமமாக உட்காரும். எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மாள், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து காலையிலிருந்து மதியம் வரை இதையே செய்துகொண்டிருந்தார். ஒரு சட்டம் முடிந்ததும் வாளியை ஓர் அடி நகர்த்துவார், அடுத்த சட்டத்தில் உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பார், ஆணி தட்டுப்பட்ட இடத்தில் குறடு. இளைஞர்களுக்குச் சுவர் உடைப்பதில்தான் ஆசை, இந்த வேலைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று சிரித்தார்.

இதே குழு கேட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு தமிழ் வீட்டுக்குப் போனது. அமெரிக்காவில் நம்மவர்கள் வீட்டில் பூஜை அறை என்பது பெரும்பாலும் ஒரு சுவரலமாரிதான். தட்டு ஊறி உப்பியிருந்தது, பின்சுவரும் போயிற்று. குழுத் தலைவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மூடி, வீட்டு அம்மாளிடம் போய், “இதை யார் எடுக்கணும், எப்படி எடுக்கணும், சொல்லுங்கம்மா” என்கிற பாவனையில் கேட்டார். அம்மாள் கை கழுவிவிட்டு வந்து படங்களையும் விக்கிரகங்களையும் தானே ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அடுக்கினார். அதுவரைக்கும் பூட்ஸ் போட்ட ஆட்கள் கூடத்திலேயே நின்றார்கள். தொட்டி மாடிக்குப் போன பிறகுதான் அந்தச் சுவரில் நெம்புகம்பி பட்டது.

இங்கே ஒரு கேள்வி எழும்: மதம் பரப்புவதற்குத்தானே இதெல்லாம்? மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. வேலை முடிந்ததும் வாசலில் கூடி நின்று, ‘உங்களுக்காக ஜெபம் செய்யலாமா?’ என்று கேட்பார்கள். பல குழுக்கள் எல்லோரும் கையெழுத்திட்ட பைபிள் ஒன்றையும் கொடுக்கும். அது அவர்கள் விசுவாசத்தின் பகுதி, ஒளிப்பதும் இல்லை. ‘வேண்டாம்’ என்றால் சரி என்று கைகுலுக்கிவிட்டுப் போவதை நான் பார்த்தேன். வேலையில் ஒரு ஆணிகூடக் குறையவில்லை. எல்லாக் குழுவும் எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று சத்தியம் செய்ய நான் ஆளில்லை. வீட்டையே இழந்து நிற்பவரிடம் அந்த நேரத்தில் ஜெபத்தைப் பற்றிக் கேட்பது தேவைதானா என்று எனக்கு இன்றும் ஒரு நெருடல் உண்டு. ஆனால் வேலைக்கு முன்னால் கேட்பதும் பின்னால் கேட்பதும் ஒன்றல்ல. அவர்கள் பின்னால் கேட்டார்கள்.

நான் அசந்துபோனது சபைகளுக்குள் இருக்கும் வேலைப் பங்கீட்டைப் பார்த்துத்தான். ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது என்பதில் தொடங்கி எதிலும் ஒத்துப்போகாதவர்கள், வெள்ளம் வந்தால் ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறார்கள். டெக்சஸ் பாப்டிஸ்டுகள் 1967-ல் ப்யூலா புயலுக்குச் சின்ன அடுப்புகளில் சமைத்துப் போட்டதில் தொடங்கியவர்கள். இன்று அவர்களுடைய நடமாடும் சமையற்கூடங்களில் ஆயிரக்கணக்கில் சாப்பாடு தயாராகும், அதைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வண்டிகள் தெருத்தெருவாகக் கொண்டுபோகும். மெதடிஸ்டுகள் சோப்புத் திரவம், தேய்க்கும் பிரஷ், கையுறை எல்லாம் போட்ட வாளிகளை முன்கூட்டியே கட்டிவைத்திருப்பார்கள். அட்வென்டிஸ்டுகளுக்குக் கிட்டங்கி நிர்வாகம். ஊரெல்லாம் அனுப்பி வைக்கும் பழைய துணி மலையாகக் குவிந்து பெரிய தலைவலியாகிவிடும், அதைப் பிரித்து அடுக்கவே தனித் திறமை வேண்டும். பிரதரன் சபையார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்கள். லூத்தரன்கள் பழக்கிய நாய்களோடு வந்து, ஆறுதல் தேவைப்படுகிறவர்கள் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். மார்மன்கள் சனி ஞாயிறுகளில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பெருங்கூட்டமாக வந்து சர்ச் புல்தரையில் கூடாரம் அடிப்பார்கள். ஞாயிறு ஆராதனையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு அதே மஞ்சள் சட்டையோடு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ஒரே வீட்டுக்கு மூன்று குழு போய், பக்கத்து வீட்டுக்கு ஒருவரும் போகாத கூத்து நடக்காமலிருக்க ‘கிரைசிஸ் கிளீனப்’ என்று ஒரு பொதுவான தொலைபேசி எண்ணும் வரைபடமும் உண்டு. வீட்டுக்காரர் ஒரு முறை கூப்பிட்டால் போதும். எந்தக் குழு எடுத்துக்கொண்டது என்பது மற்றவர்களுக்கும் தெரியும். ஹார்வியில் சர்ச் மட்டும் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹூஸ்டன் பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து ஆட்களைத் தங்கவைத்தன. சேவா இன்டர்நேஷனல் போன்ற இந்து அமைப்புகளும் களத்தில் இருந்தன.

பிய்த்துப் போட்ட வீட்டை உடனே அடைக்கக் கூடாது. மின்விசிறி போட்டு வாரக்கணக்கில் காயவிட்டு, ஈரம் அளக்கும் கருவியின் முனையை மரத்தில் குத்திப் பார்ப்பார்கள். பொதுவாக 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் புதுப் பலகை. அதற்குள் தொலைக்காட்சி வண்டிகள் வேறு ஊருக்குப் போயிருக்கும், பெரும்பாலான தொண்டர்களும்தான். அப்போது வருகிறவர்கள் மெனோனைட்டுகள் என்ற கிறிஸ்தவச் சபையார். 1950-ல் கேன்சஸில் தொடங்கிய அவர்களுடைய பேரிடர்ச் சேவை, காப்பீடும் இல்லாமல் கையில் காசும் இல்லாமல் நிற்பவர்களுக்கு வீட்டைத் திருப்பிக் கட்டிக் கொடுக்கும். ஒரே ஊரில் வருஷக்கணக்கில் இருப்பார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு வேடிக்கை. டெக்சஸில் வெள்ளத்தில் சேதமான மூன்று சர்ச்சுகள் 2017 செப்டம்பரில் மத்தியப் பேரிடர் நிர்வாகமான ஃபீமா மீதே வழக்குப் போட்டன. ஜனங்களுக்கு அடைக்கலம் கொடுத்த சர்ச்சும் அதில் ஒன்று. வழிபாட்டு இடம் என்பதற்காகச் சீரமைப்பு நிதி மறுக்கப்படுகிறது என்பது அவர்கள் வாதம். 2018 ஜனவரியில் ஃபீமா விதியை மாற்றிக்கொண்டது.

அதே ஃபீமா விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. பேரிடர்ச் செலவில் வழக்கமாக 75 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும், மீதியை ஊரும் மாநிலமும் கண்டுபிடிக்க வேண்டும். ஏற்கத்தக்க வேலைகளில் தொண்டர்கள் உழைத்த மணி நேரத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு அந்த மீதியில் கழித்துக்கொள்ளலாம். வியர்வையும் சேறுமாக வண்டியில் ஏறப்போகும்போது எங்கள் குழுத் தலைவர் ஏன் தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு வழிமறித்தார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பெயர், வந்த நேரம், போகும் நேரம், செய்த வேலை. எழுதாதவரை வண்டி கிளம்பாது. ஆணி பிடுங்கிய அம்மாளுக்கும் அதே சட்டம்தான்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.